பாராட்ட வந்த சரவெடி

மருதேந்தல் என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஒரு கண்மாய், கண்மாய்க் கரையோரம் ஒரு பெரிய கருவேலமரம். மழைக்காலம் தொடங்கியதும் எங்கிருந்தோ நத்தைக்குத்தி நாரைகள் வந்து அந்த மரத்தில் கூடு கட்டும். அவற்றுக்காக அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்த வருடம் ஓர் இளம் நாரை முதன்முதலாகக் கூடு கட்ட வந்தது. நல்ல கிளைகளையெல்லாம் மூத்த நாரைகள் பிடித்துக்கொண்டதால், ஓரத்தில் ஒரு மெல்லிய கிளைதான் அதற்குக் கிடைத்தது. இங்கே முட்டையிடலாமா என்று அது மரத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"தாராளமாக இடு. காற்றுக்கு நான் பொறுப்பு, சத்தத்துக்கு ஊர் பொறுப்பு" என்றது மரம்.

தீபாவளியன்று பக்கத்து ஊர்கள் படபடத்தன. மருதேந்தல் வாயைத் திறக்கவில்லை. நாரைக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. முட்டையிட்டது. தை மாதம் கூட்டில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பசி என்றால் அப்படியொரு பசி. அதுகளுக்கு இரை தேடியே நாரை இளைத்துப் போனது.

ஊர்ப் பள்ளியில் ஜெசிந்தா டீச்சர் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்துவார். புத்தகத்தோடு விடமாட்டார், கரைக்கே கூட்டி வருவார். கரையில் கால் வைத்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். காளீஸ்வரி என்கிற சிறுமி தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொள்வாள். நாரைக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஊரின் பெருமை வெளியே பரவியது. அமைதி காத்த ஊருக்கு விருது கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றார்கள். பத்திரிகைப் படத்தில் பறவைகளும் விழ வேண்டும் என்று மேடையை மரத்தடியிலேயே போட்டார்கள். பிள்ளைகள் நாரை வேடம் கட்டி ஆட, டீச்சர் காகித இறக்கை வெட்டினார். ஊராட்சித் தலைவர் சேவுகப்பெருமாள் வண்டி வைத்துப் போய்ப் பெரிய சரவெடி ஒன்று வாங்கி வந்தார்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். "தலைவரே, வெடி வேண்டாமே. மரத்துல குஞ்சு இருக்கு."

"தீபாவளிக்கே வெடிக்காத ஊரும்மா இது. எங்களுக்குத் தெரியாதா? இது தீபாவளி இல்ல, மரியாதை. ஒரு வெடிகூட இல்லாம வரவேத்தா வந்தவரு நம்மள என்ன நெனைப்பாரு?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு டீச்சர் இறக்கை ஒட்டப் போய்விட்டார். அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது.

சரவெடியை மரத்தடியில் நீளமாக விரித்தார்கள். அப்படியொன்றை மரம் அதுவரை பார்த்ததில்லை.

"யாரப்பா நீ? வழி தவறி வந்துவிட்டாயா?"

"இல்லை, ஊரார்தான் கூட்டி வந்தார்கள்" என்றது சரவெடி. அது கெட்ட வெடி ஒன்றுமில்லை. "வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் நான் பேசுவேன். இன்றைக்கு உன் பறவைகளைப் பாராட்டிப் பேசப்போகிறேன்."

மேலேயிருந்த நாரைக்குப் பெருமை தாங்கவில்லை. நம்மைப் பற்றித்தான் பேசப்போகிறார்களாம், கழுத்தை நீட்டிக் கேளுங்கள் என்று குஞ்சுகளிடம் சொன்னது. குஞ்சுகள் கூட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தன.

கார் வந்தது. திரியில் நெருப்பு வைத்தார்கள்.

சரவெடி பேசி முடித்தபோது மரத்தில் ஒரு நாரைகூட இல்லை. எல்லாம் வானத்தில் சிதறிக் கிடந்தன. கிளை குலுங்கிய குலுக்கலில் ஓரத்துக் கூடு சரிந்தது. ஒரு குஞ்சு தண்ணீரில் விழுந்து மறைந்தது. இன்னொன்று மேடையருகே விழுந்து துடித்தது. காவலற்ற மற்ற கூடுகளில் காகங்கள் இறங்கின.

பெரிய மனிதர் ஒலிபெருக்கியில் ஊரின் அமைதியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். காளீஸ்வரி காகித இறக்கையோடு குனிந்து குஞ்சைக் கையில் எடுத்தாள். அதன் தலை தொங்கிவிட்டது. அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க சத்தமே போடல, டீச்சர்."



பொழுது சாயும்போது நாரை திரும்பி வந்தது. கூடு இருந்த இடத்தில் வெறும் கிளைதான் இருந்தது.

"காற்றா?" என்று மரத்திடம் கேட்டது.

"இல்லை" என்றது மரம்.

நாரை போய்விட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின.

வானம் நிறையப் பறவைகளோடு படம் பத்திரிகையில் அழகாக வந்தது. விருதுக் கேடயத்தைப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். இப்போதும் கரைக்கு வந்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த தீபாவளிக்கும் மருதேந்தலில் யாரும் வெடி வெடிக்கவில்லை. வெடித்திருந்தாலும் கண்மாயில் பயப்பட யாரும் இல்லை.