எழுதாத ஓலையில் வந்த பெயர்

இந்தக் கதையை நான் எந்த ஏட்டிலும் படிக்கவில்லை. தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடியே எழுதுகிறேன்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கூவிள நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வான். பாயசம் என்றால் அவனுக்கு உயிர்.

நாட்டுக்கு ஒரே ஏரி. மதகை யாருக்கு எப்போது திறப்பது என்று முடிவுசெய்ய, ஆண்டுதோறும் ஓர் ஏரித்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊருக்கு ஒரு பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அமைச்சர் நல்லாதன் குடத்தின் வாயைக் கட்டி முத்திரை வைப்பார். அரசனின் உயர் அதிகாரியான பிரதானி செம்பியதரையர் அவையில் அதைப் பிரித்து, ஒரே ஓர் ஓலையை எடுத்துப் படிப்பார்.

மூன்று ஆண்டாக வந்தது ஒரே பெயர்: பொன்னம்பி. ஏரியை ஒட்டிக் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். மதகு அவர் பக்கம் மட்டுமே திறந்தது.

நான்காம் ஆண்டு, தேர்வு நாளன்று, ஏரித் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையிலிருந்து கொற்றி என்ற பெண் அவைக்கு வந்தாள். முந்தானையை அவிழ்த்து, பதர் நெல்லை அரசன் முன்னால் கொட்டினாள்.

"மூணு வருஷமா விளைஞ்சது இதுதான் சாமி. இந்தத் தடவையும் தண்ணி வரலேன்னா நிலத்தை விட்டுட்டுப் போகணும். குடத்துல ஏதோ சூது இருக்கு."

செம்பியதரையர் சிரித்தார். "குடத்தில் வருவது தெய்வச் செயல், அரசே. இந்த அம்மாள் தானாகப் பேசவில்லை. குடத்துக்குக் கயிறு கட்டுகிற வேலை அலுத்துப்போய், என் வேலைமேல் கண் வைத்திருக்கிற அமைச்சர் பேச வைக்கிறார்."

அரசனுக்குக் கோபம் வந்தது. "நல்லாதனாரே, சூது இருந்தால் இப்போதே காட்டும். இல்லையென்றால் உமது பதவி போகும். இவளும் நாட்டை விட்டுப் போவாள்."

"ஆகட்டும் அரசே. தேர்வு எப்போதும்போல் நடக்கட்டும்."

செம்பியதரையர் முத்திரையை உடைத்தார். குடத்துக்குள் கைவிட்டுத் துழாவினார். மூடிய கையை வெளியே எடுத்து, ஓலையை விரித்துப் படித்தார்.

"பொன்னம்பி!"

கொற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரம்மா," என்றார் அமைச்சர். "மிச்ச ஓலைகளை எடுத்துப் பார்."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே."

"படிக்க வேண்டாம். எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்."

அவள் ஒன்றைப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். "ஐயோ, ஒண்ணுமே இல்லீங்க! எல்லாம் வெறும் ஓலை!"

அவையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊரார் எழுதிய ஓலைகள் வேறொரு குடத்தில் பத்திரமாக இருக்கின்றன," என்றார் அமைச்சர். "மூன்று ஆண்டாக ஒரே பெயர் வந்ததால் சந்தேகப்பட்டு, இதில் எழுதாத ஓலைகளை நான்தான் போட்டேன். பொன்னம்பி குடத்திலிருந்து வரவில்லை, அரசே. பிரதானியின் மூடிய கையிலிருந்து வந்தார்."

அரசன் எழுந்தேவிட்டான். "அடப்பாவி! என்ன வாங்கினாய்?"

"ஆண்டுக்குப் பத்து வண்டி வெல்லம்," என்றார் பிரதானி.

"பத்து வண்டியா!"

செம்பியதரையர் தலையைத் தொங்கப்போட்டார். "அரண்மனைக்கு இருபது வண்டி வந்தது, அரசே. பாயசம் பிரமாதம் என்று தாங்கள்தான் சொன்னீர்கள்."

அரசனின் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த பாயசக் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு பதரைப் பார்த்தான். வெல்லம் எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"இவன் கையை வெட்டுங்கள்!"

"வெட்டினால் அடுத்த ஆண்டு வேறொரு கை மூடிக்கொள்ளும், அரசே. ஓலை எடுப்பவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டட்டும். ஒருமுறை தலைவராக இருந்தவர் பெயர் அடுத்த முறை குடத்தில் விழக்கூடாது. அரண்மனைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் வண்டியை யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று வாசலில் உரக்கச் சொல்லட்டும்."

"கடைசிச் சட்டம் எனக்கா?"

"தங்களுக்குத்தான்."

அரசன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அமைச்சரிடம் கொடுத்தான். "மூன்றையும் எழுதும். பிரதானி இனி ஒவ்வொரு தேர்வன்றும் அவை வாசலில் விரலை விரித்துக்கொண்டு நிற்கட்டும்."

உண்மையான குடம் வந்தது. கொற்றியே கையை அகல விரித்து ஓலை எடுத்தாள். வந்தது கடைமடைக்காரர் ஒருவர் பெயர். அந்த வாரமே அவள் வயலில் தண்ணீர் பாய்ந்தது.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். மாறவேள் என்ற அரசனை உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடத்து ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல வைத்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று வெட்டியிருக்கிறது.