கரையான் வாயில் மண் ஏறிய கதை

கரையானுக்கும் பேச்சு இருந்து, அது மனிதனோடு வழக்காடிய அந்தக் காலத்தில், சடையன் என்றொருவன் மலையடிவாரத்தில் வீடு கட்டினான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டும் சாய்ந்தன. மரத்தில் குறை இல்லை. வேங்கை மரம்தான், பட்டை உரித்து ஒரு கோடை முழுக்க நிழலில் காயப்போட்டதுதான். ஆனால் தூணை முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் புதைத்து நட்டான். அந்த வழியாகக் கரையான் நுழைந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

இப்போது அவன் மனைவி ஒச்சம்மாவுக்கு நிறைமாதம். ஐப்பசி மழைக்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பான், பாதியில் எழுந்துபோய் வானத்தைப் பார்ப்பான். கடைசியில் கரையான் புற்றின் முன்னால் போய் நின்றான்.

“என் வீட்டை ஏன் திங்கிறே?”

“வெட்டின மரம் மண்ணைத் தொட்டா அது எனக்கு. மண்ணே குடுத்த வாக்கு,” என்றது தாய்க் கரையான். “இலை போட்டுப் பரிமாறிட்டு, ஏன் திங்கிறேன்னு கேக்குறியா?”

“மண்ணைத் தொடாத மரம்?”

“அது உனக்கு. கிட்டக்கூட வரமாட்டேன்.”

சடையன் ஓடினான். நாலு கல்லைப் புரட்டிவந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தூணை நிறுத்தினான். கூரை ஏறியது. முதல் மழையன்று பெண் பிறந்தாள். உத்தரத்தில் தொட்டில் கட்டினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? “என்னப்பா, வீட்டுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கே, எங்கயாச்சும் கிளம்புதா?” என்று போகிறவனும் வருகிறவனும் கேட்டார்கள். சடையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மண்ணைக் குழைத்து, கல்லே தெரியாதபடி தூணின் கால்வரை அப்பி மெழுகினான்.

“வேண்டாம்யா, சொன்னாக் கேளு,” என்றாள் ஒச்சம்மா.

“இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்குன்னு,” என்றான் அந்த முட்டாள்.

தை பிறந்தபோது அவன் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. தூண்களை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினான். மூன்று தூண்கள் டக் டக்கென்றன. தொட்டில் பக்கத்துத் தூண் உள்ளே வெறும் கூடாய்ப் பொத்தென்றது.

“ஒச்சம்மா, பிள்ளையத் தூக்கு,” என்றான். அவள் தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி எடுத்தாள். பிள்ளையோடு அவள் வாசலைத் தாண்டவும், உத்தரம் தொட்டிலின் மேல் விழவும் சரியாக இருந்தது.

தூணின் காலில் தான் அப்பிய மண்ணைச் சுரண்டினான். உள்ளே கரையான் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தது.

“வாக்குக் குடுத்தியே,” என்றான். அழுதுவிட்டான்.

“தவறலையே,” என்றது உள்ளே இருந்த தாய்க் கரையான். “மரம் மண்ணைத் தொட்டுச்சு, தின்னேன். மண்ணு கல்லு மேலயும் ஏறும்னு எனக்குத் தெரியாது சடையா. நீதான் காட்டிக்குடுத்தே. இனி நீ அப்ப வேண்டாம், நானே கொண்டுபோய்க்கிறேன்.” சொல்லிவிட்டு ஒரு துளி மண்ணை வாயில் கவ்வியது. அதோடு அதன் பேச்சு நின்றது.

சடையன் புதுத் தூண் நிறுத்தினான். கல்லை எல்லாரும் பார்க்கும்படி விட்டான். தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் கரையான் எங்கே ஏறினாலும் வாய் நிறைய மண்ணோடு வழி போட்டுக்கொண்டே ஏறுகிறது. மனிதனும், கல்லின் மேல் தூணை நிறுத்திய பிறகும், பிள்ளையைத் தொட்டிலில் போடுமுன் அந்தத் தூணை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறான்.