காவற்கூண்டுக்கு வாய் இல்லாமல் போனது

அந்தக் காலத்தில் பல்லி பேசியது, புறா பேசியது, வெட்டியெடுத்த கல்லும் பேசியது. நடுக்கடலில் ஒரு தீவு. அதன் மொட்டைப் பாறை முனையில் ஒரு சேனாதிபதி தனக்குத் தலைநகரம் கட்டினான். எதிரிக் கப்பல்கள் திரும்பி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரம். தெருக்களையெல்லாம் நூல் பிடித்ததுபோல் நேராகப் போட்டான். காற்று வரட்டும் என்றான். ஒரு கோடியில் நின்றால் மறுகோடிவரை நடமாடுகிறவர்கள் தெரிவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று பக்கம் கடல். தரைப் பக்கம் மட்டும் பாறையைக் குடைந்து, இரண்டு பனை ஆழத்துக்கு அகழி. தோண்டிய கல்லெல்லாம் மேலே ஏறி மதிலானது. மதிலைப் பார்த்து மலைக்கிறவர்கள் உண்டு. பள்ளத்தில் நின்றது யார் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

அகழியும் கடலும் ஒருங்கே தெரியும் மதில் முனையில், சிப்பாய் நின்று பார்ப்பதற்கென்று கல்லாலான ஒரு காவற்கூண்டு நின்றது. கல்தச்சன் வென்சு செதுக்கியது. அதற்குக் கண்ணும் காதும் வாயும் வைத்திருந்தான். அவன் தங்கை தெக்லா கீழே அகழியில் கல் சுமந்தாள்.

கூண்டு சும்மா இருக்காது. "மேற்கே இரண்டு பாய்மரம்! மீன்காரர்கள்தான், பயப்படாதீர்கள்!" என்று கத்தும். தூங்குகிற சிப்பாயைப் பார்த்து, "டேய், உன் குறட்டை எதிர்க்கரைவரை கேட்குது!" என்னும்.

ஒரு நாள் மதியம் அது அகழிப் பக்கம் பார்த்துக் கத்தியது. "அகழியில் இருப்பவர்களே, மேலே ஏறுங்கள்! பக்கப் பாறையில் வெடிப்பு ஓடுகிறது. உள்ளே கல் நெரிகிற சத்தம் கேட்கிறது!"

எல்லோரும் ஏறிவிட்டார்கள். முட்டுக் கொடுக்காமல் இறங்க மாட்டோம் என்றார்கள். வேலை நின்றது. சேனாதிபதியே வந்துவிட்டான்.

"உன்னை வைத்தது கடலைப் பார்க்க."

"கண்ணைத் திறந்தால் எல்லாம்தானே தெரிகிறது, பிரபு?"

"தெரியட்டும். சொல்லாதே."

"சொல்லக் கூடாதென்றால் நான் எதற்குக் காவல்?"

அவன் வென்சுவைக் கூப்பிட்டான். "அந்த வாயை எடுத்துவிடு. எதிரி வந்தால் மணியடிக்க ஆள் இருக்கிறான். நீ இதைச் செய்தால், நகரவாசலில் என் சிங்கச் சின்னத்தைச் செதுக்கும் வேலை உனக்குத்தான்."

வென்சு தங்கையிடம் போய் விஷயத்தைச் சொன்னான். தெக்லா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:

"கீழே இருப்பது நான், அண்ணா. பாறை சரிந்தால் என்னை யார் கூப்பிடுவார்கள்?"

"நான் கூப்பிட மாட்டேனா?"

"நீ வாசலில் சிங்கத்துக்குப் பிடரிமயிர் செதுக்கிக்கொண்டு இருப்பாய்."

"நான் மாட்டேன் என்றால் வேறொருவன் உளி எடுப்பான், தெக்லா."

"எடுக்கட்டும். அவன் எனக்கு அண்ணன் இல்லையே."

மறுநாள் காலை வென்சு உளி எடுத்தான். புதிதாக வெட்டிய கல், கட்டி வெண்ணெய் போல மென்மையாக இருந்தது. "வென்சு, கொஞ்சம் பொறு, அந்த வெடிப்பு இப்போது..." என்று கூண்டு தொடங்கியது. உதடு உதிர்ந்தது.

முட்டுக் கொடுக்காமலே ஆட்களை இறக்கினார்கள். மூன்றாம் நாள் பாறை சரிந்தது. கண் பார்த்தது, காது கேட்டது. வென்சு வாசலில் இருந்தான். பதினொரு பேர் போனார்கள். அதில் தெக்லாவும் ஒருத்தி.

"காவற்கூண்டு இருந்துமா இப்படி நடந்தது?" என்று சேனாதிபதி வியந்தான். வியக்க அவனுக்கு மனம் வந்தது, பாருங்கள்! சரிந்த கல்லையும் விடவில்லை, மதிலில் ஏற்றினான்.

வென்சு உளியோடு ஓடினான். வாய் இருந்த இடத்தில் வெறும் குழி. குழியில் உதடு எதை வைத்துச் செதுக்குவது? மேலும் மேலும் குடைந்தான். கல் ஓட்டையாகி மறுபுறம் கடல் தெரிந்தது. குரல் வரவில்லை. இதையெல்லாம் பார்த்திருந்த மற்ற கற்களும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

அதற்குப் பின் எழுந்த கூண்டுகளிலும் வாய் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. இன்று வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டி, விழிப்பின் சின்னம் என்கிறார்கள். இல்லை. தங்கை கீழே நிற்கும்போது அண்ணன் உளி எடுத்தானே, அன்று முதல்தான் அந்தத் தீவின் காவற்கூண்டுகளுக்குக் கண்ணும் காதும் மட்டும் இருக்கின்றன.