பக்கிரிசாமியின் எருமைத்தோல் சீட்டு

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு இன்னும் நாலே நாள். பெர்னதெத்துக்கு வேண்டியது சைக்கிளுக்கு ஒரு தோல் சீட்டும் ஒரு நேரான பதிலும். தஞ்சாவூர் கீழவாசல் பக்கிரிசாமி கடையில் முதலாவது கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

புருஷனுக்கு வயிற்றில் கட்டியோ என்று டாக்டர் சந்தேகப்பட்ட அன்று, ஸ்கேன் அறை வாசலில் நின்றபடி அவள் மாதாவிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று வந்தால் தஞ்சாவூரிலிருந்து கோயில் வரைக்கும் சைக்கிளிலேயே வருவேன், நடுவில் பஸ் ஏற மாட்டேன். ஒன்றுமில்லை என்றே வந்தது. மனுஷன் மறுநாளே பரோட்டா தின்னக் கிளம்பிவிட்டான். இவள்தான் மாட்டிக்கொண்டாள். ஒத்திகை பார்க்கச் சாலியமங்கலம் வரை போனவள், திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தாள். கால் வலிக்கவில்லை. வலித்த இடத்தை வெளியில் சொல்ல முடியாது. மொத்தத் தூரமோ தொண்ணூறு கிலோமீட்டர்.

"புதுத் தோல் சீட்டு உட்கார சொகமா இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

பக்கிரிசாமி பழுப்பு நிறச் சீட்டு ஒன்றை எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல் துடைத்தார். இது சாதாரணத் தோல் இல்லையாம். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு எருமை இருந்ததாம். குளத்தில் உட்கார்ந்தது, பதினோரு வருஷம் எழுந்திருக்கவே இல்லையாம். உட்காருகிற சொகுசு அப்படியே தோலில் ஊறிவிட்டதாம்.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த சூசைமாணிக்கம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு வார்த்தைக்கு மேல் கேட்டால் சந்தேகப்படுவது அவர் சுபாவம். அத்தனை வருஷம் அது எதைத் தின்றது என்று கேட்டார்.

"அதைப் பாக்க நாலு ஊர்ச் சனம் வரும். வெறுங்கையோடயா வருவாங்க?" என்றார் பக்கிரிசாமி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெர்னதெத் மணியைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து குழம்பை இறக்கிவிட்டு வந்திருந்தாள், தாளிக்கவில்லை. பக்கிரிசாமி அதற்குள் கதையில் கும்பகோணம் கிளம்பிவிட்டார். இதே எருமையின் முதல் சீட்டு அவருடைய சொந்த சைக்கிளில் இருந்ததாம். ஏறி உட்கார்ந்தவர் அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாராம். பாபநாசத்தில் முன் டயர் வெடித்ததாம், சுவாமிமலைப் பக்கம் பின் சக்கரம் கழன்று தனியாக வயலில் இறங்கிப் போனதாம். கும்பகோணத்தில் மச்சான் தட்டி எழுப்பியபோது, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வா என்றாராம்.

சக்கரம் இல்லாமல் வண்டி எப்படி நகர்ந்தது என்று சூசைமாணிக்கம் கேட்க, தூங்குகிறவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று பக்கிரிசாமி அவரையே திருப்பிக் கேட்டார்.

ஆறே மாசத்தில் சீட்டு அவர் உடம்பின் வார்ப்பாகவே ஆகிவிட்டதாம். அக்கா மகள் வளைகாப்புக்கு அவரால் போக முடியாமல் சீட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாராம். தாய்மாமன் வந்தாச்சு என்று முன்வரிசை நாற்காலியில் வைத்து, சந்தனம் தடவி, இலை போட்டார்களாம்.

"சாப்பிட்டுச்சா?" என்றார் சூசைமாணிக்கம்.

"மோர் மட்டும் வேண்டாம்னுடுச்சு. எனக்குச் சளி."

பெர்னதெத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வேளாங்கண்ணிக்கு இதில் போக முடியுமா என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நான் போயிருக்கேன். திருவாரூர்ல எவனோ எனக்கு அடியிலேருந்து சைக்கிளை உருவிட்டுப் போயிட்டான். இருந்த சொகத்துல எனக்குத் தெரியல. அப்படியே போய்ச் சேந்துட்டேன். மாதா கோயில் வாசல்ல ஸ்டாண்டு போடக் குனிஞ்சேன் பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது, வெறும் சீட்டுதான் இருக்கு."

சூசைமாணிக்கம் கேள்வியை விட்டுவிட்டுப் பஞ்சர் டியூபை மடியில் எடுத்து வைத்து ஓட்டையைத் தேடத் தொடங்கினார்.

பெர்னதெத் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஆகாதுண்ணே. வேண்டுதல்னா கொஞ்சமாவது கஷ்டப்படணும்ல? இவ்வளவு சொகமா வந்தவளை மாதா எப்படி ஏத்துக்குவா?"

வியாபாரம் படியிறங்கப் போவதைக் கண்டதும் பக்கிரிசாமி ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"யாரு சொன்னா சொகம்னு? புதுத் தோலு கருங்கல்லு தங்கச்சி! மூணு மாசமாவது தெனம் ஓட்டிப் பழக்கினாத்தான் நம்ம உடம்புக்கு வளைஞ்சு குடுக்கும். இதுல வேளாங்கண்ணி போனா, பூசையில நீங்க உக்காரவே முடியாது. மொதல்ல வாங்குனப்ப நானே மூணு நாள் குப்புறப் படுத்துக் கெடந்தேன். சாமி சத்தியமா."

கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மை அதுதான். பை தோளிலிருந்து இறங்கியது.

"அதைத்தானேண்ணே மொதல்லயே கேட்டேன். மாதாகிட்ட நான் வர்றேன்னுதான் சொன்னேன், துடிக்கிறேன்னு சொல்லல. இந்த வலியெல்லாம் யாராவது பட்டு முடிச்ச சீட்டு இருந்தா எடுங்க."

பக்கிரிசாமி பரணில் ஏறிச் சாக்கைத் துழாவி, ஒன்றை இறக்கினார். கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து, ஓரமெல்லாம் வழவழத்த அகலச் சீட்டு. ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் அதைச் செருகிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். அசைந்து பார்த்தாள். இரண்டு நிமிஷம் இறங்கவே இல்லை. சாலியமங்கலம் என்ன, நாகப்பட்டினமே பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருந்தது. தாளிக்காத குழம்புகூட மறந்துபோனது.

அந்த முகத்தைப் பார்த்ததும் பக்கிரிசாமிக்கு நாக்கு அரித்தது.

"இது யாரோடதுன்னு தெரியுமா தங்கச்சி? பட்டுக்கோட்டையில ஒரு கம்பவுண்டர். இதுல வேளாங்கண்ணிக்குப் போனவரு, சொகத்துல பிரேக் புடிக்க மறந்து நேரா கடல்ல..."

சூசைமாணிக்கம் வாயைத் திறந்தார். பெர்னதெத் கையைக் காட்டி அவரை அடக்கினாள்.

"நீங்க கேக்காதீங்க சார். அந்தக் கம்பவுண்டர் கொழும்பு போய்ச் சேந்த பெறகு இவரு சீட்டை மாட்டுனா, நான் கொடியேத்தத்துக்குப் போய்ச் சேர மாட்டேன். அண்ணே, ஸ்பேனரை எடுங்க."