விரிசலின் குறுக்கே நான்கு கண்ணாடிகள்

சாரல் விழும் மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அதன் வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறது. நிறுவனர் கோமதிநாயகம் எழுதிக் கொடுத்து வெட்டச் சொன்ன வாசகம் அதில் இருக்கிறது: "பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த எந்தப் பெண்ணும் இந்த வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட மாட்டாள்."

சிபாரிசு கிடையாது, நேர்காணல் கிடையாது. சான்றிதழின் அசலைக் கொடுத்தால் கட்டில் எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுப்பார்கள். எல்லாரும் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே இடம் என்றால் கட்டில்தான். நாற்பது வருடமாக அந்தக் கல்லின் பேச்சு ஒருமுறையும் தவறியதில்லை. அந்த வட்டாரத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அதை நம்பியே படிக்க வைத்தார்கள்.

முதலாண்டு விடுதிக்கு மூன்று தளங்கள். கீழ்த்தளத்திலும் நடுத்தளத்திலுமாகத் தொண்ணூறு கட்டில், மேல்தளத்தில் முப்பது. மேல்தளச் சுவரில் ஒரு விரிசல் கண்டு, இரண்டு வருடமாக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று யாரும் தேடவில்லை. கட்டட மேற்பார்வையாளர் இசக்கிமுத்து மட்டும் தொழில் வழக்கப்படி அதன் குறுக்கே நான்கு இடங்களில் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்தார். கண்ணாடி வளைந்து கொடுக்காது. சுவர் நூலளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும். திங்கள்கிழமைதோறும் அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள் எளிது. வழக்கமாக எண்பது பேர் தேறும் இடத்தில் நூற்று இருபது பேர் தேறினார்கள். கல்லூரி முதல்வர் சண்முகவடிவு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று கேட்டார். அன்று காலைதான் அவர் பார்த்திருந்தார். நான்கில் மூன்று உடைந்திருந்தன.

அவருடைய மகள் அந்தக் கல்லின் தயவில் படித்து ஆசிரியை ஆனவள். முப்பது பிள்ளைகளின் படிப்பில் மண்ணைப் போட அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் புது விடுதிக் கட்டடம் தையில் முடிந்துவிடும், அதுவரை தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று மேலே போய், உடைந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி பதித்து, பழைய தேதியையே எழுதினார்.

"நாலும் முழுசா இருக்கும்மா," என்றார் முதல்வரிடம் திரும்பி வந்து.

அந்த நேரத்தில் அது பொய்யும் இல்லை. முதல்வர் படியேறிப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் சொன்னார், வாக்கும் காப்பாற்றியாயிற்று என்ற நிம்மதியில் மேல்தளத்தைத் திறக்க உத்தரவு போட்டார்.

விரிப்புகளோடு மேலே போனவர் விடுதிக் காப்பாளர் ஜெபமணி. ஒரு கண்ணாடியில் சுண்ணாம்புத் துளியும் சிலந்திவலையும் இருந்தன. மற்ற மூன்றிலும் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. இருபது வருடம் தரையையும் சுவரையும் துடைக்க வைத்தவருக்கு, அந்த மூன்றும் உடைந்து புதிதாக மாற்றியவை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே சொன்னால் இசக்கிமுத்துவின் வேலை போகும், ஏற்கெனவே குடிவந்துவிட்ட தொண்ணூறு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். எனவே யாரிடமும் மூச்சு விடாமல் மேல்தளத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வியாழக்கிழமை மழையோடு வந்த முப்பது பேரையும், கட்டில் இல்லை என்று வாசலிலேயே திருப்பினார்.

இருபத்தொன்பது பேர் அழுதுகொண்டே போனார்கள். போகாதவள் முப்பிடாதி. பீடி சுற்றும் அம்மாவின் மகள், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. இந்தக் கல்லை நம்பி அரசுக் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். இனி அங்கேயும் இடமில்லை.

"கல்லுல எழுதிருக்குல்ல மேடம். நான் எங்க போவேன்?"

ஜெபமணிக்குத் தாங்கவில்லை. "மேல சரியில்ல பிள்ளே. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன், போயிரு."

முப்பிடாதி விடுதியை அண்ணாந்து பார்த்தாள். நடுத்தளத்துச் சன்னல்களுக்கு உள்ளே கொடியில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"மேல சரியில்லன்னா, கீழ இருக்கவங்க?"

ஜெபமணி வாசற்கதவைச் சாத்தினார். முப்பிடாதி அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைத்து நனைந்தபடி உட்கார்ந்தாள்.

இப்போது மணி நான்கு. வகுப்பு முடிந்து தொண்ணூறு பேரும் குடையில்லாமல் விடுதிக்கு ஓடுகிறார்கள். முதல்வருக்கும் இசக்கிமுத்துவுக்கும் வாசலில் நடந்தது தெரியாது. முதல்வர், வாக்கைக் காப்பாற்றினேன் என்று இருக்கிறார். இசக்கிமுத்து, முப்பது பேருக்குப் படிப்புக் கொடுத்தேன் என்று இருக்கிறார். ஜெபமணி, முப்பது பேருக்கு உயிர் கொடுத்தேன் என்று இருக்கிறார். மூவருமே கெட்டவர்கள் அல்லர். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெபமணி என்றுதான் பலரும் சொல்வீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இடிகிற மாடி கீழ்நோக்கித்தானே வரும்? மூவரும் மேலே இருந்த முப்பது கட்டிலைப் பற்றியே யோசித்தார்கள். அதற்கு நேர் கீழே தூங்குகிற தொண்ணூறு பேரின் உயிரைப் பற்றி யோசித்தவள், உள்ளே விடப்படாத முப்பிடாதி ஒருத்திதான். அவள் கேட்ட கேள்வியை ஒருவராவது தனக்குள் கேட்டு, தொண்ணூறு பேரையும் வெளியே கூட்டி வந்திருந்தால் அது சரி. மூவரில் யாரும் அதைச் செய்யவில்லை. மேலே, சுண்ணாம்புத் துளி விழுந்த அந்த நான்காவது கண்ணாடி இன்று மத்தியானம் உடைந்துவிட்டது. இசக்கிமுத்து அடுத்துப் பார்க்கப் போவது திங்கள்கிழமை.