சுள்ளியின் பங்கு

கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. யானைக் கூட்டம் ஒன்று ஆற்று மணலில் குழி தோண்டி, அதில் ஊறும் தண்ணீரைக் குடித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு மாதங்கி தலைவி. ஊற்றுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எல்லோரும் குழியைச் சுற்றி நின்று தும்பிக்கையை விட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். யாரும் ஊற்றில் வாய் வைக்கக் கூடாது. தும்பிக்கையால் எடுக்கிறவருக்கு ஒரு பங்கு.

கேட்பதற்கு நியாயமான சட்டம்தான். சுள்ளியை மட்டும் அது நினைத்துப் பார்க்கவில்லை.

சுள்ளி, செவந்தி என்னும் யானையின் குட்டி. யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டி அவன் தும்பிக்கையில் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த பாதி தண்ணீரை எட்டாது. செவந்தி தன் பங்கை உறிஞ்சி அவன் வாயில் விடுவாள். ஒரு பங்கில் இரண்டு உயிர் எத்தனை நாள் தாங்கும்? செவந்திக்குப் பால் வற்றியது. சுள்ளி நடக்கும்போதே தள்ளாடினான்.

செவந்தி தலைவியிடம் போய் நின்றாள்.

"அக்கா, குழியோட ஒரு பக்கத்தைச் சரிவா வெட்டிவிடலாம். அவன் இறங்கி, முட்டி போட்டு வாயாலேயே குடிச்சுக்குவான்."

"ஊத்துல வாய் வைக்கிறதா? யாருக்கும் இல்லாத வழக்கம் அவனுக்கு மட்டும் எதுக்கு?"

"அவனுக்கு எட்டலையே, அக்கா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் மாதங்கி.

மற்ற யானைகளும் காதை ஆட்டி ஆமாம் போட்டன. அவற்றின் குட்டிகளுக்குத்தான் எட்டிக்கொண்டிருந்ததே!

செவந்தி திரும்பி நடந்தாள். ஆற்று வளைவுக்குப் போய்த் தனியாகத் தோண்டத் தொடங்கினாள். ஒரு குட்டி வழுக்காமல் இறங்கும்படி நீளச் சரிவாகத் தோண்டினாள். மணலைத் தள்ளித் தள்ளி அவள் கால் நகம் பிளந்தது. கடைசியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. சுள்ளி முட்டி போட்டு, வாய் வைத்துக் குடித்தான். அவன் தானாகக் குடிப்பதைப் பார்த்துச் செவந்தி அழுதுவிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கூட்டத்தின் பெரிய குழியில் தண்ணீர் இன்னும் கீழே இறங்கியது. பெரியவர்களுக்கே தொண்டை நனையும் அளவுதான் கிடைத்தது. இப்போது எந்தக் குட்டியின் தும்பிக்கையும் அதை எட்டவில்லை. மாதங்கியின் மகள் பாவை எட்டி எட்டிப் பார்த்து, கால் சறுக்கிக் குழியின் பாதியில் சிக்கிக்கொண்டாள். வெளியே இழுத்துப் போட்டபோது அவள் நாக்கு வறண்டு கிடந்தது.

"எட்டலம்மா" என்றாள் பாவை.

இதே சொல்லைச் செவந்தி சொன்னது மாதங்கிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகளை அணைத்துத் தள்ளிக்கொண்டு ஆற்று வளைவுக்குப் போனாள். சரிவின் ஓரத்தில் அவளை நிறுத்தினாள்.

சுள்ளி நகர்ந்து இடம் விட்டான். "வா பாவை. முட்டி போட்டுக்கோ, சறுக்காது."

பாவை வயிறு நிறையக் குடித்தாள். அவள் பின்னாலேயே மற்ற குட்டிகளும் வந்து குடித்தன.

"செவந்தி, உன் மகனுக்காகத் தோண்டின குழி எல்லாருக்கும் உதவிடுச்சு" என்றாள் மாதங்கி. "இனிமே அவனுக்கும் ஒரு பங்கு உண்டு."

"உதவாமப் போயிருந்தா, அக்கா? அன்னிக்கும் அவனுக்குத் தாகம் எடுத்துச்சே."

மாதங்கி தலை குனிந்தாள். பிறகு பெரிய குழிக்குத் திரும்பிப் போய், அதன் கரையைத் தன் காலாலேயே உடைத்துச் சரிவாக்கத் தொடங்கினாள்.

தண்ணீருக்கும் உணவுக்கும் நலவாழ்வுக்கும் எந்தக் குழந்தையும் தன் தகுதியைக் காட்ட வேண்டியதில்லை, பிறந்ததே போதும்.