முன்னால தரை இருக்கா?

அந்தக் காலத்தில், எறும்பும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கிற குழியானைப் பூச்சிக்குக் குழி கிடையாது. பாறையிடுக்கு இருட்டில் மணலைக் குவித்து, சுற்றியிருந்த நிலத்தை அப்படியே சின்னதாகச் செய்து வைத்திருந்தது. மேலே ஒரு மின்மினி தொங்கும். அதன் வெளிச்சத்தில் மேடெல்லாம் சிவப்பாகும், பள்ளமெல்லாம் நீலமாகும். மணலுக்கு மேலே காலை நீட்டினால் போதும், அங்கே மழை பெய்து தண்ணீர் ஓடுவதுபோலத் தெரியும்.

ஏரி உடைந்துவிடுமோ என்று எறும்புகளுக்கு ஒரே நடுக்கம். உடைந்தால் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கல்மேடான கரட்டில் ஏற வேண்டும். அதற்காகத் தினமும் அந்த மணலில் நடந்து பழகின. கண்ணை மூடிக்கொண்டு போகிற அளவுக்குக் கால் பழகிவிட்டது.

ஒருநாள், வழி பார்க்கப் போன சுருளாயி என்ற எறும்பு இரைக்க இரைக்க வந்தது.

"மாமா, கரட்டுக்குக் கீழே புதுசா ஒரு ஓடை அறுத்துக் கிடக்கு."

சொல்லிக்கொண்டே மணலில் ஒரு கீறல் போட்டது. கீறல் நீலமாக மின்னியது.

"யாரைக் கேட்டு என் மணல்ல கீறல் போட்ட?" குழியானை சீறியது. "நேத்து அங்க ஓடை இல்லையே!"

"நேத்து இல்ல மாமா, இன்னிக்கு இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"மாட்டுக் குளம்புத் தடத்தைப் பார்த்தாலே ஓடைன்னு அலறுற ஆளுதானே நீ!"

மற்ற எறும்புகள் சிரித்தன. குழியானை அந்தக் கீறலைத் தடவி மூடியது. நீலம் போய்ச் சிவப்பானது.

மறுநாள் மத்தியானம் ஏரி உடைந்தது. தரை அதிர்ந்தது. பின்னால் தண்ணீர் இரைந்து வர, எறும்புகள் பழகின வழியிலேயே ஓடின. ஓடை வந்தது. முன்னால் போனவை ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. சத்தமே இல்லை. எல்லார் வாயிலும் முட்டை. பின்னால் வந்தவை தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தன.

சுருளாயி விளிம்பில் கால் ஊன்றி நின்றது. கத்தினால் முட்டை போகும். கத்தாவிட்டால் எல்லாமே போகும். சட்டென்று திரும்பி, பின்னால் வந்ததன் முகத்தில் தன் உணர்கொம்பை வைத்து அழுத்தியது. அது நின்றது. அதுவும் திரும்பி, தனக்குப் பின்னால் வந்ததன் முகத்தைத் தொட்டது. இப்படியே கடைசி வரைக்கும் சேதி போனது. மிச்சமிருந்தவை ஓடையைச் சுற்றிக்கொண்டு கரடு ஏறின.

எறும்புகளின் முகத்தில் விழிக்க முடியாமல், குழியானை பின்பக்கமாகவே நடந்து மணலுக்குள் புதைந்துகொண்டது. அதன் பிறகு அது மணலில் செய்வதெல்லாம் ஒரு பள்ளம்தான். இன்னமும் அதில் எறும்பு விழுகிறது.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமாக ஓடினாலும் எதிரே வருகிற எறும்பை நிறுத்தி, முகம் தொட்டு, முன்னால் தரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எறும்பு அடுத்த அடி வைக்கிறது.